புதிய பிராசசருக்கு ஏற்ற ராம் வேகம்

பிராசசரை மாற்றிப் பொருத்தியாயிற்று, விண்டோஸ் திரையும் வந்துவிட்டது என்றதும் பெரும்பாலோர் கேபினட்டின் மூடியைத் திருகிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஓடும்தான். ஆனால் கொடுத்த காசுக்கு உரிய வேகத்தில் ஓடாது. 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை ஒலி கேட்காது. பயாஸில் ஒரு செட்டிங்கை மாற்றாததால் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடும் கம்ப்யூட்டர்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நிறைய இருக்கின்றன.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, டிடிஆர்4, 2666 வேகம். 2018, 2019-ல் நடுத்தர விலையில் அசெம்பிள் செய்தவர்கள் பலர் வாங்கிய கூட்டணி இது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ரைசன் 5 1600, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசசர்களின் பட்டியலில் இல்லை. மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதே ஏஎம்4 சாக்கெட்டில் 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐப் பொருத்துவதுதான் இவர்களுக்கு நல்ல வழி. பிராசசர் புதிது, ராமை என்ன செய்வது?

ஸ்டிக்கரில் உள்ள எண்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 3200 என்பது மெகாஹெர்ட்ஸ் அல்ல. ஒரு நொடிக்கு எத்தனை மில்லியன் தடவை தரவு கைமாறுகிறது என்ற கணக்கு. டிடிஆர் ராமில் கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் தரவு போகும். ஆகவே 3200 ராமின் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 1600 என்ற எண்ணைப் பார்த்ததும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். அதை இரண்டால் பெருக்கினால் ஸ்டிக்கரில் உள்ள எண் வரும்.

சில ராம்களில் பிசி4-25600 என்று அச்சிட்டிருக்கும். அது வேறு வகை அல்ல. 3200-ஐ 8 பைட்டால் பெருக்கினால் 25600. அதாவது ராமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள ஒரு பாதையில், ஒரு சேனலில், நொடிக்கு 25.6 ஜிகாபைட். 2666 ராமுக்கு இது பிசி4-21300. இரண்டு சேனலிலும் ராம் இருந்தால் இந்த அளவு இரட்டிப்பாகும். ஒரே ஒரு 16 ஜிபி ராமைப் போட்டவர் 3200 ராமே வாங்கியிருந்தாலும், இரண்டு 8 ஜிபி 2666 போட்டவரைவிடக் குறைந்த அகலத்தில்தான் ஓட்டுகிறார். வேக எண்ணைப் பார்க்கும் முன் எத்தனை சேனல் ஓடுகிறது என்று பாருங்கள்.

வேகத்தைத் தீர்மானிக்கும் மூவர்

ராம் எந்த வேகத்தில் ஓடும் என்பதைப் பிராசசர், மதர்போர்டு, ராம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மூன்றில் எது மெதுவோ அதன் சொல்தான் எடுபடும்.

பிராசசரின் பங்கு என்ன என்று பலருக்குத் தெரிவதில்லை. ராமோடு பேசும் மெமரி கண்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டில் நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருந்தது. ஏஎம்டி 2003-ல் அத்லான் 64-இலும், இன்டெல் 2008-ல் முதல் கோர் ஐ7-இலும் அதைப் பிராசசருக்குள் கொண்டுவந்துவிட்டன. எனவே பிராசசரை மாற்றும்போது மெமரி கண்ட்ரோலரையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள். ஏஎம்டி அறிவித்த உச்ச வேகம் ரைசன் 1000 வரிசைக்கு 2666, ரைசன் 2000-க்கு 2933, ரைசன் 3000-க்கும் 5000-க்கும் 3200. இவை இரண்டு ராம் போட்ட நிலைக்குச் சொன்னவை; நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வரம்பு இறங்கும். நம் உதாரணத்தில் 2666-ல் தடுமாறாமல் ஓடிய கம்ப்யூட்டர், 5600 பிராசசர் வந்ததும் 3200-க்கும் 3600-க்கும் தயாராகிவிடுகிறது. பழைய பிராசசரில் 3200 ராம் நிலைக்கவில்லை, அதனால் இந்தப் போர்டு சரியில்லை என்று முடிவு கட்டியவர்கள் இப்போது மறுபடி முயன்று பார்க்கலாம். தடை போர்டில் இல்லாமல் பழைய பிராசசரில் இருந்திருக்கலாம்.

மதர்போர்டின் பங்கு இன்டெல் பக்கத்தில்தான் அதிகம் கடிக்கும். ஐ5-10400 பிராசசரின் வரம்பு 2666. அதை பி460 அல்லது எச்410 போர்டில் போட்டுவிட்டு 3200 ராம் வாங்கினால் அது 2666-ல்தான் ஓடும். அந்தப் போர்டுகளில் வரம்பைத் தாண்ட இன்டெல் வழி வைக்கவில்லை. 2021-ல் வந்த பி560 முதல்தான் பி வரிசைப் போர்டுகளில் ராமின் வேகத்தை ஏற்ற அனுமதி கிடைத்தது. எச்510, எச்610 போர்டுகளில் அந்த அனுமதி இல்லை. இந்தப் போர்டு வைத்திருப்பவர் விலை கூடிய வேக ராமை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. ஏஎம்4 பக்கத்தில் பி350, பி450, பி550 போர்டுகளில் இந்தத் தடை இல்லை.

மூன்றாவது ராம். ஒவ்வொரு ராமிலும் எஸ்பிடி என்ற சிறு சிப் இருக்கிறது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது பயாஸ் அதைப் படித்து, இந்த ராம் எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் ஓடும் என்று தெரிந்துகொள்ளும். அதில் இரண்டு வகைத் தகவல் இருக்கும். ஜெடெக் அமைப்பின் தரப்படி எழுதியது ஒன்று. எந்தப் போர்டும் கேள்வி கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். ராம் தயாரித்தவர் தனியாகச் சோதித்து எழுதிய வேகமான கணக்கு இன்னொன்று, அதுதான் எக்ஸ்எம்பி. நீங்கள் போய் இயக்கினால்தான் அது வேலை செய்யும். பளபளக்கும் உலோக உறை போட்ட 3200 சிஎல்16 (சிஎல் என்ன என்பது பின்னால் வரும்) ராமில் ஜெடெக் கணக்கு பெரும்பாலும் 2133, 2400, 2666 என்ற அளவிலேயே நிற்கும். 3200 என்பது எக்ஸ்எம்பி பக்கத்தில்தான் இருக்கும். தொடக்கத்தில் சொன்ன சிக்கலின் வேர் இதுதான்.

உறை இல்லாத, பச்சை அல்லது கறுப்புப் பலகையாக வரும் சாதாரண ராம்களில் சில, 3200 வேகத்தை ஜெடெக் கணக்கிலேயே சிஎல்22 என்று எழுதிக்கொண்டு வருகின்றன. ரைசன் 5 1600-ல் 2666-ல் ஓடிய அத்தகைய ராம், 5600 பொருத்தியதும் எதையும் தொடாமலே 3200-க்கு ஏறிவிடும்.

ஒன்றுக்கு ஒன்று

பிராசசர் வேகமும் ராம் வேகமும் பொருந்த வேண்டும் என்ற பேச்சு பழையது. கோர் 2 டியோ காலத்தில் பிராசசருக்கும் நார்த்பிரிட்ஜுக்கும் நடுவில் எஃப்எஸ்பி என்ற பாதை இருந்தது. 1333 எஃப்எஸ்பி என்றால் உண்மைக் கடிகாரம் 333 மெகாஹெர்ட்ஸ்; ஒரு துடிப்புக்கு நான்கு முறை தரவு போகும். அந்தப் பாதையின் கொள்ளளவு நொடிக்கு சுமார் 10.6 ஜிகாபைட். டிடிஆர்2-667 ராமை இரண்டு சேனலில் போட்டால் அதன் அளவும் அதே 10.6. கடிகாரமும் 333-க்கு 333. அதற்கு மேல் 800 ராமைப் போட்டாலும் பாதை அகலமாகாததால் கிடைத்த பலன் சொற்பம். அத்லான் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் 333 எஃப்எஸ்பி பிராசசருக்கு டிடிஆர்333 ராம் தேடி அலைந்ததும் இதே காரணத்தால்தான்.

எஃப்எஸ்பி போய்விட்டது, கொள்கை போகவில்லை. ரைசனில் கோர்கள் இருக்கும் பகுதியையும் மெமரி கண்ட்ரோலரையும் இணைக்கும் உள்பாதைக்கு இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று பெயர். பயாஸில் அதன் கடிகாரம் எஃப்சிஎல்கே என்று இருக்கும். மெமரி கண்ட்ரோலரின் கடிகாரம் யுசிஎல்கே. ராமின் கடிகாரம் எம்சிஎல்கே. ரைசன் 5000-ல் இந்த மூன்றும் ஒரே எண்ணில் நிற்கும்போதுதான் ராமிலிருந்து தரவு மிகக் குறைந்த தாமதத்தில் கோருக்கு வந்து சேரும். 3200 ராம் என்றால் மூன்றும் 1600. 3600 ராம் என்றால் மூன்றும் 1800.

3600-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? எஃப்சிஎல்கே 1800 வரை பெரும்பாலும் சிரமமின்றி ஓடுகிறது. 1900 சில பிராசசர்களில் எட்டுகிறது, பலவற்றில் எட்டுவதில்லை. ஆகவே 4000 ராமைப் போட்டு எக்ஸ்எம்பியை இயக்கினால், பல போர்டுகள் மெமரி கண்ட்ரோலரைத் தாமாகவே பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். ராமின் கடிகாரம் 2000, கண்ட்ரோலர் 1000. டாஸ்க் மேனேஜரில் 4000 என்று அழகாகத் தெரியும். ஆனால் இரு வேறு துடிப்பில் ஓடும் பகுதிகளுக்கு இடையே தரவு காத்திருந்து கடக்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடி, விளையாட்டுகளில் 3600 ராம் போட்ட கம்ப்யூட்டரைவிடப் பின்தங்கும். அதிக விலை கொடுத்துக் குறைந்த வேகம் வாங்குவது என்றால் இதுதான். கையில் ஏற்கெனவே 4000 ராம் இருந்தால் வருத்தப்பட வேண்டாம். அதை 3600-க்கு இறக்கி, எஃப்சிஎல்கே 1800 என்று வைத்து, சிஎல் எண்ணைக் குறைத்து ஓட்டுங்கள். நன்றாகவே ஓடும்.

சிஎல் எண்

ராமிடம் ஒரு தரவைக் கேட்டதும் அது பதில் கொடுக்க எடுத்துக்கொள்ளும் துடிப்புகளின் எண்ணிக்கையே சிஎல். துடிப்பு எண்ணிக்கை மட்டும் தெரிந்து பயனில்லை. நேரமாக மாற்றிப் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ராமின் வேக எண்ணால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். 2666 சிஎல்19 என்றால் 14.25 நானோ நொடி. 3200 சிஎல்22 என்றால் 13.75. 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18-க்கும் அதே 10. 3600 சிஎல்16 என்றால் சுமார் 8.9.

இந்தக் கணக்கைக் கைபேசியில் போட்டுப் பார்க்காமல் ராம் வாங்காதீர்கள். ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ 3200 ராம் என்று கேட்டால் சிஎல்22-உம் கிடைக்கும், சிஎல்16-உம் கிடைக்கும். ஸ்டிக்கரின் பெரிய எழுத்தில் இரண்டும் 3200தான். சிறிய எழுத்தில் 16-18-18 என்றோ 22-22-22 என்றோ இருப்பதைத் தேடிப் படியுங்கள்.

பழைய ராமை வைத்துக்கொள்ளலாமா?

நம் உதாரணத்தின் முக்கியக் கேள்வி இது. என் பதில் பிராசசரைப் பொறுத்து மாறும்.

உள்ளே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரை வாங்கி, தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பழைய 2666 ராமை மாற்றியே ஆக வேண்டும். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கம்ப்யூட்டரின் ராமைத்தான் அதுவும் பங்கு போட்டுக்கொள்கிறது. இங்கே ராமின் அகலம் கூடக்கூட விளையாட்டின் ஃபிரேம் எண்ணிக்கையும் நேராகக் கூடும். ஒற்றை ராமோடு 5600ஜி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

ரைசன் 7 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி வாங்கியவர்கள் நேர் எதிர்த் திசையில் நிற்கிறார்கள். அவற்றில் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம், இருக்கிறது. பெரும்பாலான தரவு கேஷிலேயே கிடைத்துவிடுவதால், ராம் மெதுவாக இருப்பது அவ்வளவாக உறுத்தாது. பழைய 3000, 3200 ராம் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தை எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள்.

ரைசன் 5 5600 இரண்டுக்கும் நடுவில். 32 எம்பி கேஷ். கணக்குப் பதிவு, தட்டச்சு, இணையம், வீடியோ பார்ப்பது என்றால் 2666 ராமோடு ஓட்டுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்து வேகமான விளையாட்டுகள் ஆடுபவருக்கும், பெரிய கோப்புகளைச் சுருக்கி விரிப்பவருக்கும் 3200 சிஎல்16 அல்லது 3600 சிஎல்18 மாற்றம் தெரியும்.

செய்யக் கூடாதது ஒன்று: பழைய 2666 ராம் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது 3200 ராம் ஒன்றைச் செருகுவது. இரண்டும் 2666-ஐத் தாண்டாது. எக்ஸ்எம்பியை இயக்கினால் ஒரு ராமின் கணக்கை மற்றதன் மீதும் திணிக்க முயன்று கம்ப்யூட்டர் கிளம்பாமல் நிற்கலாம். ஒரே பெட்டியில் இணையாக விற்கும் இரண்டு ராமை வாங்குங்கள். ஒரே கம்பெனி, ஒரே எண் என்றாலும் தனித்தனியாக வாங்கியவற்றில் உள்ளிருக்கும் சிப்புகள் வேறாக இருக்கலாம். 16 ஜிபி போதவில்லை, வேகம் பற்றிக் கவலையில்லை என்பவர் மட்டும் பழையதோடு புதியதைச் சேர்த்து, குறைந்த வேகத்தை ஏற்றுக்கொள்ளலாம். அது நியாயமான தேர்வுதான்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ராம்களில் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்த முயலாதீர்கள்.

வேலையின் வரிசை

முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். ராம் வேகம் தவறினால் கெடுவது ராமில் உள்ளது மட்டுமல்ல, அது டிஸ்கில் எழுதும் கோப்பும்தான். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கம்ப்யூட்டர் என்றால் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரைசனில் பாதுகாப்புச் சாவிகள் எஃப்டிபிஎம் என்ற பெயரில் பிராசசரோடு கட்டுண்டவை. புதுப் பிராசசரைப் பார்த்ததும் எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஆம் என்று அழுத்தினால் விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி கையில் இல்லாதவருக்கு அந்த டிஸ்க் பூட்டிய பெட்டிதான்.

அடுத்தது பயாஸ் புதுப்பிப்பு. இதைப் பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். 2018-ல் வாங்கிய பி450 போர்டின் பயாஸுக்கு ரைசன் 5000 என்று ஒரு பிராசசர் வரப்போவது தெரியாது. பிராசசரை முதலில் மாற்றிவிட்டால் திரையில் ஒன்றும் வராது. பிறகு மறுபடி கழற்றிப் பழையதைப் பொருத்த வேண்டியிருக்கும். போர்டு தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், பதிப்பு எண்ணையும் குறிப்பையும் படியுங்கள். சில போர்டுகளில் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் ஏற்றிய பிறகே கடைசிப் பதிப்பை ஏற்றலாம். மின்சாரம் நடுவில் போனால் போர்டு முடங்கிவிடக்கூடும் என்பதால், யுபிஎஸ் இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

பயாஸ் புதுப்பித்ததும் பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். எக்ஸ்எம்பியும் அதில் போய்விடும். நேற்று வரை 3200-ல் ஓடிய ராம் இன்று 2133-க்கு இறங்கியிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிராசசரைப் பொருத்திய பின் ராமை எந்த ஸ்லாட்டில் போடுவது? நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மற்ற இரண்டில் போட்டாலும் இரட்டைச் சேனல் ஓடும். ஆனால் காலியாக விட்ட ஸ்லாட்டின் கம்பிகளில் சிக்னல் எதிரொலித்து, உயர் வேகத்தில் தடுமாற்றம் வரும்.

முதல் முறை எதையும் மாற்றாமல் கிளப்பி, பிராசசரும் ராமின் முழு அளவும் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் மறுபடி பயாஸுக்குள் போங்கள். எக்ஸ்எம்பி என்ற சொல் இன்டெல் உருவாக்கியது. அதனால் ஏஎம்டி போர்டுகளில் கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆசஸ் போர்டில் டிஓசிபி, எம்எஸ்ஐ போர்டில் ஏ-எக்ஸ்எம்பி, கிகாபைட் போர்டில் எக்ஸ்எம்பி. வேலை ஒன்றுதான். முதல் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் வேகம், சிஎல், 1.35 வோல்ட் எல்லாம் தானாக நிரம்பும். நிரம்பியதா என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். வோல்டேஜ் மட்டும் 1.2-லேயே நின்றுவிட்டால் நீங்கள் 1.35 என்று எழுதுங்கள்.

பிறகு எஃப்சிஎல்கே. ஆட்டோ என்று இருந்தாலே 3600 வரை சரியாக வைத்துக்கொள்ளும். ஆனாலும் 3200 ராமுக்கு 1600 என்றும் 3600 ராமுக்கு 1800 என்றும் கையாலேயே வைத்துவிடச் சொல்வேன். அடுத்த பயாஸ் பதிப்பில் ஆட்டோ என்ன நினைக்கும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

கிளம்பாவிட்டால்

செட்டிங்கைச் சேமித்ததும் திரை கறுப்பாகி, கம்ப்யூட்டர் தானே அணைந்து அணைந்து எழும். பதறாதீர்கள். போர்டு புது வேகத்தில் ராமோடு பேசிப் பார்க்கிறது. சில முயற்சிகளுக்குப் பின் முடியாவிட்டால் பழைய வேகத்துக்குத் தானே திரும்பிவிடும். அப்படியும் எழாவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். அல்லது சிமாஸ் அழிக்கும் இரண்டு பின்களை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் இணையுங்கள். பயாஸ் பிறந்த நிலைக்கு வந்துவிடும். எதுவும் எரிந்துபோகாது.

பின்பு ஒரு படி இறக்கிப் பாருங்கள். 3600 நிலைக்கவில்லையென்றால் 3466, 3333, 3200. சிஎல் எண்களை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் இறக்கினால் ராமுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். 3600-க்கும் 3200-க்கும் உள்ள வேறுபாடு சிறிது. 3200-ல் அசையாமல் நிற்கும் கம்ப்யூட்டர்தான் மேல். வோல்டேஜை ஏற்றி முரண்டு பிடிக்க வேண்டாம். டிடிஆர்4 ராமுக்கு 1.35 வோல்ட் தயாரிப்பாளரே சொன்னது. ஸ்டிக்கரில் அதற்கு மேல் எழுதியிருந்தால் அந்த அளவு. அன்றாடப் பயன்பாட்டுக்கு அதைத் தாண்டச் சொல்ல மாட்டேன். மெமரி கண்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் ஏஎம்4-ல் 1.1 அளவில் இருந்தால் போதும்.

சோதனை

விண்டோஸ் திரை வந்ததை வைத்து ராம் சரி என்று சொல்ல முடியாது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிழைதானே என்று விடுவதற்கு இதில் இடமில்லை. அந்த ஒரு பிழை நாளை உங்கள் கணக்குப் புத்தகத்தின் ஓர் எண்ணிலோ குழந்தையின் புகைப்படத்திலோ போய் உட்காரும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

சோதனையில் தேறிய பின்னும் முதல் சில வாரம் கவனியுங்கள். இறக்கிய ஜிப் கோப்பு பழுது என்று வருவது, பிரௌசர் பக்கங்கள் தாமாக விழுவது, நீலத்திரை எட்டிப் பார்ப்பது எல்லாம் ராம் வேகத்தின் மீது சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். விண்டோஸின் ஈவென்ட் வியூயரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் எச்சரிக்கைகள் குவிந்தால் எஃப்சிஎல்கே அளவு மீறியிருக்கலாம். முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். தொல்லை நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அறிவித்த வரம்புக்கு மேல் ராமை ஓட்டுவதை ஏஎம்டியும் இன்டெலும் ஓவர்கிளாக் என்றே கணக்கில் வைக்கின்றன. உத்தரவாத விதிகளும் அதற்கேற்பவே எழுதப்பட்டிருக்கின்றன. ரைசன் 5600-ல் 3200 வரம்புக்குள் இருக்கிறது, 3600 வெளியே இருக்கிறது.

மற்ற சாக்கெட்டுகள்

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் கியர் 1, கியர் 2 என்ற பெயரில் இதே கதைதான். கியர் 1-ல் மெமரி கண்ட்ரோலர் ராமின் கடிகாரத்திலேயே ஓடும், கியர் 2-ல் பாதியில். டிடிஆர்4 போட்ட 12, 13, 14-ஆம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களில் 3200-ஐ கியர் 1-ல் வைத்துக்கொள்ளுங்கள். 3600-உம் பலவற்றில் ஓடும். பெயரில் கே இல்லாத பிராசசர்களில் கண்ட்ரோலரின் வோல்டேஜ் பூட்டப்பட்டிருப்பதால் அது நிச்சயமில்லை. டிடிஆர்5-ல் நடைமுறையில் கியர் 2தான், அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டுமே போகும். அங்கே எக்ஸ்எம்பிக்கு இணையாக 2022-ல் ஏஎம்டி கொண்டுவந்தது எக்ஸ்போ. ரைசன் 7000-க்கு அறிவித்த வரம்பு 5200, ரைசன் 9000-க்கு 5600. 6000 சிஎல்30 ராம் இரண்டு போட்டு, ராமும் கண்ட்ரோலரும் 3000-ல் ஒன்றுக்கு ஒன்றாக நிற்பதே நல்ல இடம். எஃப்சிஎல்கே அங்கே தனியாக 2000-ல் ஓடும், அதைப் பொருத்தத் தேவையில்லை. நான்கு ராம் போடும் ஆசை வேண்டாம். நான்கு போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600-க்கு விழுந்துவிடும். 32 ஜிபி வேண்டுமென்றால் 16 இரண்டு, 64 வேண்டுமென்றால் 32 இரண்டு. முதல் முறை கிளம்ப ஏஎம்5 போர்டு சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பவர் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். 2023-ல் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிய பிறகு எஸ்ஓசி வோல்டேஜை ஏஎம்டி 1.3-க்குள் கட்டியது. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள போர்டு கையில் இருந்தால், எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியை அழுத்துங்கள். வேகம் என்ற இடத்தில் 3200 அல்லது 3600 என்று முழு எண் இருக்க வேண்டும். எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் 3200 ராமுக்கு 1600-ஐ ஒட்டிய எண்ணும், அதன் கீழ் விகிதம் 3:48 என்றும் வரும். 3600 ராமுக்கு 3:54. அந்த விகிதம் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டது. நாம் பேசிய ஒன்றுக்கு ஒன்று அதில் தெரியாது. அதைப் பார்க்க ஸென்டைமிங்ஸ் என்ற சிறு இலவச மென்பொருள் இருக்கிறது. எம்சிஎல்கே, எஃப்சிஎல்கே, யுசிஎல்கே மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் கேபினட்டை மூடலாம்.

கடையில் கொடுத்து மாற்றிக்கொள்பவர்கள், பணம் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் எழுதிய ராம் வேகமும் திரையில் தெரியும் வேகமும் ஒன்றாக இல்லையென்றால், போர்டு அனுமதிக்கும்பட்சத்தில் எக்ஸ்எம்பியை அங்கேயே இயக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை அது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.